'புகார் முடித்துவைக்கப்பட்டது': மாநகராட்சிக்குப் போடும் பதிவு எங்கே போகிறது?

தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிச் செயலியில் ஒருவர் புகார் பதிவு செய்கிறார். நான்கு நாள் கழித்துக் கைபேசியில் குறுஞ்செய்தி வருகிறது: 'புகார் முடித்துவைக்கப்பட்டது'. வாசலுக்கு வந்து பார்த்தால் கம்பத்தடி இருட்டாகவே இருக்கிறது. அடுத்த தெருக்காரர் இதேபோல் அணைந்துபோன ஒரு விளக்கைப் படம் பிடித்து எக்ஸ் தளத்தில் போடுகிறார். மறுநாள் காலையிலேயே ஏணி வண்டி வந்து நிற்கிறது. இருவரும் வரி கட்டுவது ஒரே மாநகராட்சிக்குத்தான்.

சென்னையில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் இந்தக் கேள்வி சூடு பிடிக்கிறது. செயலி இருக்கிறது, 1913 என்ற எண் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, எக்ஸிலும் முகநூலிலும் மாநகராட்சிக்குக் கணக்கு இருக்கிறது. இத்தனை வாசல்கள் வழியாக உள்ளே போகும் புகாருக்குப் பிறகு என்ன நேர்கிறது என்பதுதான் வெளியே தெரிவதில்லை.

சேவை வேறு, புகார் வேறு

உள்ளாட்சி நிர்வாகத்தில் 'டிஜிட்டல்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகளை அடைத்துவிடுகிறோம். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது, சேவை. சொத்துவரி கட்டுவது, பிறப்பு இறப்புச் சான்றிதழ் எடுப்பது, தொழில் உரிமம் புதுப்பிப்பது போன்றவை. இவற்றை முடிக்க யாரும் தெருவில் இறங்க வேண்டியதில்லை. விதி தெளிவாக இருக்கிறது. பணம் வந்தால் ரசீது, பதிவேட்டில் பெயர் இருந்தால் சான்றிதழ். கணினியே முடித்துவிடலாம். அதனால்தான் சென்னையில் பிறப்புச் சான்றிதழை வீட்டிலிருந்தபடி இலவசமாகப் பதிவிறக்க முடிகிறது. 2025இல் வாட்ஸ்அப் வழியாகவே 30க்கும் மேற்பட்ட சேவைகளை மாநகராட்சி கொண்டுவந்தது. தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையும் இந்த வகைதான். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைத்துவிடும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலக வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது, புகார். பள்ளத்தை மூட ஜல்லியும் தாரும் வேண்டும். அடைப்பை எடுக்க ஆள் வேண்டும். விளக்கை மாற்ற ஏணி வண்டி வேண்டும். இங்கே கணினி செய்வது செய்தி சொல்வதோடு முடிந்துவிடுகிறது. முதல் வகையில் கண்ட வேகத்தை மக்கள் இரண்டாம் வகையிலும் எதிர்பார்க்கிறார்கள். நிர்வாகமும் முதல் வகையின் வெற்றியைக் காட்டி இரண்டாம் வகைக்கும் நற்பெயர் தேடிக்கொள்கிறது.

ஒரு புகாரின் பயணம்

புகாருக்கு எண் கொடுத்துப் பின்தொடரும் முறைக்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் காவல்துறையின் அவசர எண்ணான 911க்கு அவசரமில்லாத அழைப்புகள் குவிந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க 1996இல் அங்கே 311 என்ற எண் தொடங்கப்பட்டது. 2003இல் நியூயார்க் அதைக் குப்பை, சாலை, சத்தம் என நகரின் எல்லாக் குறைகளுக்குமான எண்ணாக வளர்த்தது. சென்னையின் 1913 இந்த வம்சத்தைச் சேர்ந்தது. அழைத்தாலும் செயலியில் போட்டாலும் உள்ளே நடப்பது பொதுவாக இதுதான்:

1. பதிவு. புகாருக்கு ஓர் எண் கிடைக்கிறது. நிர்வாகத்தின் கண்ணில் புகார் பிறப்பது இந்த இடத்தில்தான்.

2. வகைப்படுத்தல். தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், கொசு, சாலை என்ற பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதி விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. தெருவில் கழிவுநீர் வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிறவருக்கு அது சாக்கடை, பட்டியலில் 'வடிகால்' இருக்கிறது, அதையே தொடுகிறார். புகார் மழைநீர் வடிகால் பிரிவுக்குப் போகிறது. வழிவதோ பாதாள சாக்கடை. அது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மாநகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்து, 'எங்கள் பணி அல்ல' என்று குறித்துப் புகாரை முடித்துவைக்கிறார். கணக்குப்படி அவர் செய்தது சரி. தெருவில் நாற்றம் அப்படியே இருக்கிறது.

3. ஒதுக்கீடு. இடத்தைப் பொறுத்து மண்டலத்துக்கும், அங்கிருந்து வார்டின் உதவிப் பொறியாளருக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ போகிறது. வரைபடக் குறி ஒரு தெரு தள்ளி விழுந்தால் வார்டே மாறிவிடும்.

4. பணி. சிறு வேலையென்றால் ஆளை அனுப்பலாம். பெரிய வேலையென்றால் மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று பழைய பாதையில்தான் போக வேண்டும். செயலியில் விரல் பட்ட நேரம் மூன்று நொடி. சாலையை மறுபடி போட ஒப்பந்தப்புள்ளி முடிய மாதங்கள்.

5. முடித்தல். புகாரை முடித்துவைக்கும் அதிகாரம் வேலையைச் செய்ய வேண்டியவரிடமே இருக்கிறது. தேர்வு எழுதியவரே விடைத்தாளையும் திருத்துவது போன்ற ஏற்பாடு. புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட பிறகே முடியும் என்று அமைத்தால் நிலுவை எண்ணிக்கை ஏறும். ஏறினால் மேலதிகாரி கூட்டத்தில் கேள்வி வரும். எண்ணிக்கையைக் குறைக்க இருக்கும் எளிய வழி எதுவென்று சொல்லத் தேவையில்லை.

உதவிப் பொறியாளரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 200 வார்டுகள், 15 மண்டலங்கள் என்று பிரிக்கப்பட்டது. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தாலே வார்டுக்குச் சராசரியாக 33,000 பேர். அத்தனை பேர் கையிலும் இப்போது கேமரா இருக்கிறது.

யாருடைய சாலை இது?

இந்த விவகாரத்தின் முடிச்சு தொழில்நுட்பத்தில் இல்லை, பொறுப்புப் பங்கீட்டில் இருக்கிறது. சென்னையில் ஒரே தெருமுனையில் நின்று சுற்றிப் பார்த்தால்:

• அண்ணா சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையினுடையது. அதிலிருந்து திரும்பும் உட்புறத் தெரு மாநகராட்சியினுடையது.
• தெருவிளக்கு மாநகராட்சியினுடையது. அதற்கு வரும் மின்சாரமும் பக்கத்தில் திறந்து கிடக்கும் மின்பெட்டியும் மின்வாரியத்தினுடையவை.
• மழைநீர் வடிகால் மாநகராட்சி. கழிவுநீர்க் குழாயும் குடிநீரும் குடிநீர் வாரியம்.
• மெட்ரோ ரயில் பணி நடக்கும் நீளத்தில் சாலையைப் பராமரிக்கும் பொறுப்பு மெட்ரோ ரயில் நிறுவனத்திடம்.
• குப்பை எடுக்க வருகிறவர் பல மண்டலங்களில் மாநகராட்சி ஊழியர் அல்லர், ஒப்பந்த நிறுவனத்தின் ஆள்.

குடிநீர் வாரியம் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டுகிறது. மாநகராட்சியிடம் சாலை வெட்டு அனுமதி வாங்கிக் கட்டணமும் கட்டியிருக்கிறது. குழாய் பதித்து மண்ணைத் தள்ளிவிட்டுப் போயாயிற்று. மேலே தார் போட வேண்டியது மாநகராட்சி. இடையில் மழை பெய்து மண் உள்வாங்குகிறது; இருசக்கர வாகனத்தில் போகிறவர் விழுகிறார். இது யார்மேல் புகார்? செயலியில் 'சாலைப் பள்ளம்' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கிறது.

குடிநீர் வாரியத்துக்கு 1916 என்று தனி எண். மின்வாரியத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் மின்னகம் என்ற புகார் மையம். மாநில அளவில் 1100, அதாவது முதல்வரின் முகவரி. ஒவ்வொன்றுக்கும் தனி மென்பொருள், தனிப் புகார் எண். ஒரு துறையில் பதிவான புகாரை இன்னொரு துறைக்குத் தள்ளிவிட்டு அதே எண்ணில் பின்தொடர வழி இருந்தால், மேலே சொன்ன கழிவுநீர்ப் புகார் செத்திருக்காது. புதிய செயலிக்குச் செலவழிக்கும் பணத்தை இந்த ஒரு இணைப்புக்குச் செலவழிக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் இணைப்புக்குத் தொடக்க விழா நடத்த முடியாது.

எக்ஸ் பதிவுக்கு மட்டும் ஏன் அந்த வேகம்?

பள்ளம் ஒன்றுதான். செயலிப் புகாரை அதிகாரி ஒருவர் பார்க்கிறார். எக்ஸ் பதிவை ஊரே பார்க்கிறது. ஆணையர், மேயர், அமைச்சர் கணக்குகளைச் சேர்த்துக் குறிப்பிட்டால் கேள்வி மேலிருந்து கீழே வருகிறது. இது பழைய சிபாரிசுக் கடிதத்தின் புதிய உருவம். முன்பு கவுன்சிலரிடமோ எம்.எல்.ஏ.விடமோ கடிதம் வாங்கிப் போனோம். இப்போது பின்தொடர்வோர் எண்ணிக்கை அந்தக் கடிதமாகியிருக்கிறது.

சென்னையில் இது வேரூன்றியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, 2015 டிசம்பர் வெள்ளம். அரசின் தகவல் தொடர்பு திணறியபோது தன்னார்வலர்கள் ட்விட்டரிலும் (இன்றைய எக்ஸ்) இணையத்தில் பகிரப்பட்ட அட்டவணைகளிலும் படகு எங்கே, உணவு எங்கே, தங்குமிடம் எங்கே என்று திரட்டினார்கள். எந்த வழி வேலை செய்கிறது என்பதை ஊர் அன்று பார்த்துக்கொண்டது. மற்றொன்று அதிகம் பேசப்படாதது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது; அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகரத்தில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அலுவலரின் கீழ் நிர்வாகம் நடந்தது. முறையிட வார்டில் ஆள் இல்லாத காலத்தில் வளர்ந்த பழக்கம்தான் கைபேசியில் முறையிடுவது. கவுன்சிலர்கள் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இதில் ஒரு கோணல் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2012இல் ஒரு செயலியை வெளியிட்டது. வண்டியில் போகும்போது கைபேசி குலுங்குவதை வைத்தே அது பள்ளத்தைக் கண்டுபிடிக்கும். யாரும் புகார் எழுத வேண்டியதே இல்லை. புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் அன்று விலை கூடிய கைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியான பகுதிகளில் வாழ்ந்தார்கள். முதியவர்களும் ஏழைகளும் வாழும் தெருக்களின் பள்ளங்கள் வரைபடத்தில் ஏறாமல் போகும் ஆபத்து தெரிந்தது. எனவே சாலை ஆய்வுக்குச் செல்லும் நகராட்சி ஊழியர்களிடமும் அந்தச் செயலியைக் கொடுத்து எல்லாப் பகுதிகளிலும் ஓட்டவைத்தார்கள்.

சென்னையில் எக்ஸ் பதிவுகளை மட்டும் வைத்து ஒரு வரைபடம் போட்டால் நகரத்தின் பள்ளங்கள் எல்லாம் அடையாற்றிலும் அண்ணா நகரிலும் இருப்பதாகத் தோன்றக்கூடும். பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் இருப்பவர் ஆங்கிலத்தில் பதிவு எழுதி ஆணையரைக் குறிப்பிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. (பெரும்பாக்கம் மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இல்லை, அது ஊராட்சி. முறையிடும் வாசலே வேறு.)

படம் இருந்தால் வேலை நடந்ததாக அர்த்தமா?

எதை எண்ணுகிறோமோ அதைச் செய்து காட்டுவார்கள். இதற்கு உள்ளாட்சியிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

1. மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பான சுவச் சர்வேக்ஷன் தரவரிசையில் மக்கள் கருத்துக்கும் தூய்மைச் செயலியின் பயன்பாட்டுக்கும் மதிப்பெண் வைக்கப்பட்டது. உடனே நாடெங்கும் நகராட்சிகள் செயலியைப் பதிவிறக்கச் சொல்லி முகாம் நடத்தின. தெரு சுத்தமாவதற்கு முன்பே பதிவிறக்க எண்ணிக்கை ஏறியது.

2. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் பணியிடத்தில் நாளுக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுத்து வருகை பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. போலி வருகையைத் தடுப்பதுதான் நோக்கம். 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியதாயிற்று: சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுகின்றன, நேரில் ஆட்களை எடுக்காமல் ஏற்கெனவே எடுத்த படத்தையே மறுபடி படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று. பெண்கள் வெயிலில் வரிசையாக நின்று படத்துக்கு முகம் காட்டியதும், சிக்னல் கிடைக்காமல் கூலி போனதும் தனிக் கதை.

மாநகராட்சி இப்போது புகாரை முடிக்க 'முன், பின்' படங்களைக் கேட்பதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அள்ளிய குப்பையைப் படம் காட்டும். மறுநாள் அதே இடத்தில் குவியும் குப்பையைக் காட்டாது. அந்த மூலையில் ஏன் தினமும் குவிகிறது என்று கேட்க வேறு வகைக் கணக்கு வேண்டும்: ஒரே இடத்திலிருந்து ஆறு மாதத்தில் எத்தனை புகார் வந்தது என்பது. அந்தத் தரவு மாநகராட்சியின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. வார்டுவாரியாக அதை வெளியிட்டாலே போதும்.

மழை நாளில் என்ன மாறுகிறது

சாதாரண நாளில் தகவல் மக்களிடமிருந்து மாநகராட்சிக்குப் போகிறது. மழை நாளில் திசை திரும்புகிறது. எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது, எங்கே நிவாரண முகாம், எந்த எண்ணை அழைப்பது என்று மாநகராட்சி எக்ஸில் மணிக்கு மணி வெளியிடுகிறது. இது உண்மையாகவே பயன்படுகிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி வரிசையாக நிறுத்திவிட்டார்கள். சிரித்தவர்களும் உண்டு; ஆனால் எச்சரிக்கையை நம்பி முன்கூட்டியே செயல்பட்ட ஊர் என்று இதைப் படிப்பதே சரி.

இரண்டு பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் போய், கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. தகவல் மிகவும் தேவைப்பட்டவர்களுக்கே அது போய்ச் சேரவில்லை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவுக்கும் வானொலிக்கும் ஈடு கிடையாது.

அடுத்தது, வாசல் நம்முடையது அன்று. 2023 ஏப்ரலில் மென்பொருள் தானாகவே பதிவிட உதவும் இணைப்புகளுக்கு ட்விட்டர் கட்டணம் விதித்தபோது, நியூயார்க்கின் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் ரயில் தாமத அறிவிப்புகளை அங்கே வெளியிடுவதையே நிறுத்தியது. மாதம் 50,000 டாலருக்கு மேல் ஆகும் என்ற கணக்கு அப்போது வெளியானது. பொதுச்சேவை அமைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்று நிறுவனம் இறங்கி வந்ததும் மே மாதம் அறிவிப்புகள் திரும்பின. ஒரு தனியார் நிறுவனத்தின் விலைப்பட்டியல் மாறினால் ஓர் ஊரின் எச்சரிக்கை மணி நின்றுபோகக்கூடும்.

கவுன்சிலர் உங்களை முடக்கலாமா?

சமூக ஊடகத்தில் ஒரு பதவியாளரின் கணக்கு சொந்தக் கணக்கா, அலுவலகத்தின் கணக்கா? மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரான் என்ற சிறு நகரத்தின் நிர்வாக மேலாளர் ஜேம்ஸ் ஃப்ரீட், தன் முகநூல் பக்கத்தில் குடும்பப் படங்களையும் நகராட்சி அறிவிப்புகளையும் கலந்து போட்டுவந்தார். 2020இல் கொரோனா நடவடிக்கைகளைக் குறைகூறிக் கருத்து எழுதிய ஒரு குடியிருப்பாளரை அவர் தன் பக்கத்திலிருந்து முடக்கினார் (பிளாக் செய்தார்). வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 மார்ச்சில் வந்த ஒருமனதான தீர்ப்பு இரண்டு கேள்விகளைக் கேட்கச் சொன்னது: அரசின் சார்பில் பேசும் உண்மையான அதிகாரம் அவருக்கு இருந்ததா? அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினாரா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால்தான் முடக்கியது அரசின் செயலாகும்.

அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. கேள்வி மட்டும் நமக்கும் பொருந்துகிறது. நம் கவுன்சிலர்கள் பலர் வார்டு வாட்ஸ்அப் குழுவைச் சொந்த எண்ணில் நடத்துகிறார்கள். குழுவிலிருந்து ஒருவரை நீக்கினால் யாரிடம் முறையிடுவது? பதவிக்காலம் முடிந்ததும் அந்தக் குழுவிலிருந்த ஐந்தாண்டுப் புகார்கள் யாருடையவை? பதவியின் பெயரில் கணக்கு, பதவியோடு கைமாறும் கணக்கு என்று ஒரு விதி இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பொதுவெளியில் தொலைபேசி எண்

புகாருக்குக் கீழே 'உங்கள் முகவரியும் கைபேசி எண்ணும் தாருங்கள்' என்று பதில் வர, அதை அங்கேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதிவிடுகிறவர்கள் நிறைய. மோசடிக்காரர்களுக்குப் பெயர், எண், வீட்டு முகவரி, என்ன குறை என்பதுவரை தட்டில் வைத்துக் கொடுத்தது போல ஆகிறது. தனிச்செய்தியில் அனுப்புவதே முறை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. உள்ளாட்சிகளும் இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

மேலே சொன்ன பால்டிமோருக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 2019 மே மாதம் பிணைத்தொகை கேட்கும் தீநிரல் (ரேன்சம்வேர்) அந்த நகராட்சியின் கணினிகளைப் பூட்டியது. நகரம் பணம் தர மறுத்தது. சீரமைக்கவும் இழந்த வருவாய்க்குமாக 1.8 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. குடிநீர்க் கட்டணச் சீட்டுகள் நின்றன, வீடு விற்பனைப் பதிவுகள் வாரக்கணக்கில் தடைப்பட்டன. கதவுகள் எல்லாம் டிஜிட்டலாகும்போது, பூட்டும் ஒரே இடத்தில் தொங்குகிறது.

புகார் பதிய விரும்புகிறவர் கவனிக்க வேண்டியவை

1. முதலில் யாருடைய பொறுப்பு என்று பாருங்கள். கழிவுநீர் என்றால் 1916, மின்பெட்டி என்றால் மின்னகம், வடிகால், குப்பை, தெருவிளக்கு என்றால் 1913 அல்லது செயலி.

2. கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும், எதிர்வீட்டுக் கதவு எண்ணையும் குறிப்பிடுங்கள். 'எங்கள் தெருவில்' என்பது பொறியாளருக்கு உதவாது.

3. எக்ஸில் எழுதுவதாக இருந்தாலும் முதலில் புகார் எண் வாங்கிவிட்டு, அந்த எண்ணோடு எழுதுங்கள்.

4. பத்துப் பேர் தனித்தனியாகச் சொல்ல வேண்டிய நிரந்தரக் குறை என்றால் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். நகரங்களில் 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாக நடந்த இந்தக் கூட்டங்கள், ஊராட்சிகளின் கிராம சபைக்கு நிகரானவை. அங்கே எழுந்து கேட்கும் கேள்விக்குப் பின்தொடர்வோர் எண்ணிக்கை தேவையில்லை.

5. வேலை நடக்காமலே புகார் முடிக்கப்பட்டால், அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியில், எந்த அலுவலர், என்ன காரணம் எழுதி முடித்துவைத்தார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் கெடு. காரணம் எழுத வேண்டிய இடத்தில் எதுவுமே எழுதப்படவில்லை என்று பதில் வந்தால், மேல்முறையீட்டு மனுவின் முதல் பத்தி தயாராகிவிட்டது.